சாட்சி சொன்ன வன்னி மரம்: பேராக் தோட்டக் குடும்பங்களும் திருமணச் சான்றும்

திருவிளையாடற் புராணத்தின் நிறைவுத் திருவிளையாடலைத் தமிழாசிரியர் பலரும் வகுப்பிலே கதையாகச் சொல்லியிருப்பார்கள். வணிகன் ஒருவன் தன் ஒரே மகளை மதுரையிலிருக்கும் மருமகனுக்குக் கொடுப்பதென்று சொல்லி வைத்து இறந்து போகிறான். அம்மருமகனுக்கோ முன்னமே மனைவி உண்டு. அவன் வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு மதுரைக்குத் திரும்பும் வழியில் திருப்புறம்பயத்தில் இரவு தங்குகிறான். அரவு தீண்டி மாள்கிறான். திருஞானசம்பந்தர் அவனை உயிர்ப்பித்து, அவ்விடத்திலேயே அப்பெண்ணை மணந்துகொள்ளுமாறு பணிக்கிறார். அங்கு நின்ற வன்னி மரமும், கிணறும், சிவலிங்கமுமே அம்மணத்துக்குச் சாட்சி. பின்னாளில் மதுரையில் மனைவியர் இருவருக்கும் பூசல் வந்தபோது, "உன்னை மணந்ததற்குச் சாட்சி யார்?" என்று மூத்தவள் கேட்டு விடுகிறாள். இளையவள் இறைவனிடம் முறையிட, மறுநாள் அம்மூன்றும் மதுரைக் கோயிலிலே வந்து நின்றன என்பது கதை. திருப்புறம்பயத்து இறைவனுக்குச் சாட்சிநாதர் என்றே பெயர்.

பக்தி நோக்கில் இஃது இறைவனின் திருவிளையாடல். ஆயினும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், ஈப்போ பழைய நகரத்தில் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தின் மரப்படிகளில் ஒரு மூதாட்டியோடு ஏறி இறங்கிய நாள் முதல், இப்படலம் எனக்கு வேறொரு பொருளையும் காட்டத் தொடங்கியது. அம்மூதாட்டியின் கதையைப் பின்னர் சொல்வேன். நம் பேராக் மாநிலத் தோட்டங்களில் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் செய்துகொண்ட திருமணங்கள் எவற்றால் நிலைபெற்றன, அவற்றின் சான்று எப்படி அழிந்தது, அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூவகைச் சான்று

பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட வரலாற்றைப் படித்தோர் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கிழவேதியர் மணப்பந்தருக்குள் புகுந்து மணமகனைத் தம் அடிமை என்கிறார். அவையத்தார் எடுத்த எடுப்பிலே தீர்ப்புச் சொல்லவில்லை, சான்று கேட்டார்கள். நெடுநாள் வழக்கம், எழுதிய ஓலை, நேரில் கண்டவர் சாட்சி என்னும் மூன்றில் ஒன்றேனும் வேண்டுமென்றார்கள். மூல ஓலை வந்தது. பாட்டனாரின் பிறிதோர் எழுத்தோடு அது ஒப்பு நோக்கப்பட்டது. இன்றைய நீதிமன்றத்திலும் இதற்கு மேல் செய்வதில்லை. ஒரு திருமணத்தை ஓர் ஓலை நிறுத்திய வரலாறு அது. திருப்புறம்பயத்துக் கதையோ ஓலையில்லாத திருமணம் ஒன்றைச் சாட்சிகள் காத்த வரலாறு.

இன்னும் பழமைக்குச் செல்வோமாயின் ஓலையும் இல்லை. அகநானூற்றின் 86, 136 ஆகிய பாடல்கள் காட்டும் மணவிழாக்களில் பந்தர் உண்டு, விருந்து உண்டு, நல்ல நாள் உண்டு. மக்களைப் பெற்ற மங்கல மகளிர் மணமகளை நீராட்டுதலும் உண்டு. எழுத்தில்லை, தீவலமும் இல்லை. கூடியிருந்த சுற்றமே சான்று. தொல்காப்பியர் கற்பியலில் கரணம் ஏன் வந்தது என்று கூறுமிடத்து, பொய்ம்மையும் பிழையும் மக்களிடையே தலைகாட்டிய பின்னரே பெரியோர் அதனை வகுத்தனர் என்னும் கருத்துப்படச் சொல்கிறார். சடங்கைத் தெய்வத்தோடு பிணைக்காமல் மனிதர் வாக்குத் தவறுதலோடு பிணைத்த அவருடைய நுட்பம் எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. நம்பிக்கை தானே நின்ற வரையில் கரணம் வேண்டப்படவில்லை என்பது அதன் உட்பொருள்.

லயமே ஏடு

தோட்டத்துக்கு வருவோம். கங்காணி முறையில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆள் சேர்த்து வந்த காலத்தில், ஒரே ஊரார், ஒரே உறவினர் ஒரே லயத்தில் குடியேறுவது பெருவழக்கு. உதவி பெற்ற குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் 1938-ல் நிறுத்தும் வரையில் இவ்வழக்கு நீடித்தது. ஆகவே மாரியம்மன் கோயில் முன்றிலில் நடந்த திருமணத்துக்கு லயம் முழுவதும் சாட்சி. தாலி எடுத்துக் கொடுத்தவர் பெரிய கங்காணி. மொய் எழுதியவர் எழுத்தறிந்த ஓர் இளைஞர். புதுத் தம்பதியர்க்கு அறை ஒதுக்கியவர் தோட்டத்துக் கிராணியார். மறுநாட் காலைப் பிரட்டிலே அப்பெண் இன்னாருடைய மனைவி என்று அழைக்கப்பட்டாள். வேறென்ன வேண்டும்?

சட்டமும் ஏறத்தாழ அப்படித்தான் நினைத்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்துக்களின் திருமணம் அவரவர் வழக்கப்படி நடந்தால் செல்லும் என்றே கொள்ளப்பட்டது, பதிவு கட்டாயமில்லை. இந்நாட்டின் சான்றுச் சட்டம் 1950-ஆம் ஆண்டினது. இந்தியாவுக்கு 1872-ல் ஸ்டீபன் என்னும் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் வரைந்த சட்டமே அதற்கு மூலம். அதன் 50-ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: இருவர் கணவன் மனைவியரா என்பது கேள்வியானால், நண்பர்கள் அவர்களை அவ்வாறே ஏற்று நடத்தினார்கள் என்பது கருதத்தக்க சான்றாகும். லயத்து வாழ்க்கைக்கென்றே எழுதியது போன்ற வரி இது.

ஆயினும் அதே பிரிவில் ஒரு தடையும் உண்டு. குற்ற வழக்குகள் சிலவற்றில் இவ்வகைச் சான்று மட்டும் போதாது. அவற்றுள் ஒன்று, பிறன் மனைவியை ஆசை காட்டி அழைத்துச் சென்ற குற்றம். தண்டனைச் சட்டத்தின் 498-ஆம் பிரிவு. ஆண்கள் மிகுந்தும் பெண்கள் குறைந்தும் இருந்த பழைய தோட்டங்களில் இத்தகைய பூசல்கள் பலவென்பதை மூத்தோர் அறிவர். இப்பிரிவின்கீழ் வழக்காடுவோன் திருமணம் நடந்ததைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும். ஊரார் மதிப்பு மட்டும் உதவாது. மனைவியைக் கணவனின் உடைமை போல நடத்திய அப்பிரிவை, அது சமத்துவத்துக்கு மாறானதென்று கூறிக் கூட்டரசு நீதிமன்றம் 2023 டிசம்பரில் செல்லாதென அறிவித்தது. மிகவும் தாமதம் என்பது என் எண்ணம்.

சயாம் சென்றவர் மனைவியர்

லயம் என்னும் ஏடு முதன்முதலாகக் கிழிந்தது ஜப்பானியர் காலத்தில். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை. இறந்தார் என்று சொல்ல மரணப் பத்திரம் இல்லை. இருக்கிறார் என்று சொல்லக் கடிதமும் இல்லை. அவர் மனைவியர் தாலியைக் கழற்றுவதா வேண்டாவா என்பதே தெரியாமல் ஆண்டுக் கணக்கில் இருந்தனர். சிலர் பிள்ளைகளைக் காப்பாற்ற வேறொருவரோடு வாழத் தலைப்பட்டனர். லயத்தார் அதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை.

சட்டத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழாண்டுக் காலம் கேள்விப்படவில்லையாயின், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்று மேற்சொன்ன சட்டத்தின் 108-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அவ்வழியை நாடி எத்தனை பால்மரத் தொழிலாளிப் பெண்கள் ஈப்போவுக்குப் பேருந்து ஏறியிருக்கக் கூடும்? என் பாட்டியார் ஏறவில்லை. அவருடைய தமக்கையாரும் ஏறவில்லை. அப்பிரிவு தமக்காகவும் எழுதப்பட்டதென்று அவர்களிடம் சொல்வாரில்லை.

காகிதம் வந்த வழி

போருக்குப் பின்னர் காகிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டத்துக்குள் நுழைந்தன. 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில் தோட்டத்திலும் மற்றொரு தோட்டத்திலும் துரைமார் சுடப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டில் பன்னிரண்டு வயது நிரம்பிய அனைவருக்கும் அடையாளக் கார்டு கட்டாயமாயிற்று. நம் முன்னோருள் பலர் கையில் படத்தோடு கிடைத்த முதற் காகிதம் அதுவே. 1951-ல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. 1952-ல் குடியியல் திருமணச் சட்டம். ஆனால் அதன்படி பதிந்துகொள்வது அவரவர் விருப்பம். 1957-ல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும், அவ்வாண்டு ஆகஸ்டு 31-ல் அரசமைப்புச் சட்டமும் வந்தன. 1969-ல் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

இவை ஒவ்வொன்றும் நன்மையே. ஆனால் ஒவ்வொன்றும் "இவர் உன் மனைவி என்பதற்குச் சான்று எங்கே?" என்று மெல்லக் கேட்டது. சேமநிதியில் பெயர் குறிக்காமல் இறந்தவரின் பணத்தைப் பெறவும், காப்புறுதி பெற்ற தொழிலாளி இறந்தபின் அவர் மனைவி உதவித் தொகை பெறவும் அச்சான்று வேண்டும். மணைமேல் அமர்ந்து மணந்தவர்களுக்கோ கல்யாணப் படம் கூட இல்லை.

இவற்றுள் மிகவும் கூர்மையானது பிள்ளைகளைப் பற்றிய விதி. சட்டப்படி மணம் செய்துகொள்ளாத பெற்றோரின் குழந்தைக்குக் குடியுரிமையைப் பொறுத்தமட்டில் தந்தை என்னும் சொல் தாயையே குறிக்கும் என்று அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒரு பிரிவு உண்டு. பிறப்புப் பதிவிலும், தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டாலன்றி அத்தகைய குழந்தைக்குத் தந்தை பெயரை எழுதலாகாது. தந்தை குடிமகனாயிருந்து, தாய் சிவப்பு அடையாளக் கார்டு உடையவளாகவோ காகிதமே இல்லாதவளாகவோ இருந்து, திருமணமும் சட்டப்படி ஆகவில்லையெனின், அக்குழந்தைக்கு நேரும் இடரை நான் விளக்க வேண்டுவதில்லை. முதலாம் ஆண்டுச் சேர்க்கையின்போது தலைமையாசிரியர் மேசைக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கும் தந்தையரை நம் பள்ளிகளில் பார்த்தவர்கள் அறிவார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுள் சிலர் படிப்பில் முதல்வராகவும் இருந்ததுண்டு; அவ்வாண்டுகளில் எனக்கு உறக்கம் குறைவு.

இரு மனையாட்டியர்

திருவிளையாடற் கதையில் மனைவியர் இருவர் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன். திருச்சி, சேலம், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களில் ஒரு மனைவியும், பேராக் தோட்டத்தில் மற்றொரு மனைவியுமாக வாழ்ந்த ஆடவர் நம் முன்னோருள் இல்லாமலில்லை. சென்னை மாகாணம் இந்துக்களின் இருதார மணத்தை 1949-லேயே சட்டத்தால் தடுத்தது; இந்தியா முழுமைக்கும் 1955-ல் தடை வந்தது. இங்கோ 1982 வரையில் இந்து வழக்கப்படி அது குற்றமன்று. ஆகவே கடலின் இரு கரைகளிலும் இருவேறு சட்டம் நடந்தது. 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டமும் இதனை அறிந்தே, ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருந்தால் மனைவிக்குரிய பங்கை அவர்கள் சமமாகப் பகிர்ந்துகொள்ளுமாறு வகுத்தது.

அச்சட்டத்தைப் பற்றி மேலும் ஒன்று. கணவன் உயில் எழுதாமல் இறந்தால் பிள்ளைகள் உள்ள மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கே கிடைக்கும். மனைவி இறந்தாலோ கணவனுக்கே எல்லாம். 1997-ல்தான் இந்த ஓரம் நீங்கியது. இப்போது இருபாலார்க்கும் ஒரே அளவு: இறந்தவரின் பெற்றோரும் உயிரோடிருந்தால் துணைவருக்கு நான்கில் ஒன்று, பெற்றோருக்கு நான்கில் ஒன்று, மக்களுக்குப் பாதி; பெற்றோர் இல்லையேல் துணைவருக்கு மூன்றில் ஒன்று, மக்களுக்கு மூன்றில் இரண்டு. உயிலைப் பற்றியும் ஒரு சொல். உயில் எழுதியவர் பின்னர் மணம் செய்துகொண்டால் பழைய உயில் செல்லாது போகும் என்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டாந்தாரம் மணந்த பெரியவர்கள் பலர் இதனை அறியாமலே பெட்டியில் உயிலைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

1982 மார்ச் 1

முஸ்லிம் அல்லாதாரின் திருமணம், மணமுறிவு ஆகியவற்றைச் சீர்திருத்தும் சட்டம் 1976-ல் நிறைவேறி 1982 மார்ச் 1-ல் நடப்புக்கு வந்தது. நம் குடும்ப வரலாற்றில் இந்நாள் ஒரு வரப்பு. அதற்கு முன்னர் வழக்கப்படி செவ்வையாக நடந்த திருமணங்கள் பதிவு செய்யப்பட்டனவாகவே கருதப்படும் என்று அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு கூறுகிறது. விரும்பினால் அவற்றைப் பிற்காலத்தில் பதிந்துகொள்ளவும் 33-ஆம் பிரிவு வழி வைத்தது. அந்நாளுக்குப் பின்னரோ, பதிவாளர் முன்னிலையிலோ, உதவிப் பதிவாளராக நியமனம் பெற்ற கோயில் குருக்கள் போன்றோர் முன்னிலையிலோ சட்டம் சொல்லும் முறைப்படி நடந்தாலொழியத் திருமணம் இல்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்பதும் அன்றே சட்டமாயிற்று.

சட்டம் இயற்றியோர் நம் வழக்கை முற்றிலும் புறக்கணித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. மணக்கலாகாத உறவுகளைப் பட்டியலிடும் 11-ஆம் பிரிவில், இந்துவாயின் தமக்கை அல்லது தங்கையின் மகளை மணக்கத் தடையில்லை என்று தனியே விலக்களித்திருக்கிறார்கள். தாய்மாமன் உரிமை கோலாலம்பூர் நாடாளுமன்றத்தின் ஏட்டிலே இடம்பெற்றிருப்பது நம் உறவுமுறை ஆராய்ச்சியாளர்களுக்கு இனிய செய்தியாகும்.

தாய்நாட்டு வரலாற்றையும் இங்கே ஒப்பிடலாம். பெரியார் 1929-ன் இறுதியில் மலாயா வந்து ஈப்போவில் தமிழர் சீர்திருத்த மாநாட்டில் கலந்துகொண்டார். புரோகிதரின்றி மாலை மாற்றி மணக்கும் முறைக்கு இங்கும் அன்பர்கள் இருந்தார்கள். ஆனால் தமிழ்நாட்டிலேயே அத்திருமணங்கள் செல்லாவென்று சென்னை உயர் நீதிமன்றம் 1950-களில் கருதியது. அண்ணா முதலமைச்சரான பின்னர் 1967-ல் சட்டசபை நிறைவேற்றிய திருத்தமே அவற்றுக்குச் சட்ட வலிமை தந்தது. அங்கே கேள்வி, எந்தச் சடங்கு செல்லும் என்பது. இங்கே 1982-க்குப் பின்னர் அக்கேள்விக்கே இடமில்லை. தீவலமோ மாலையோ, பதிவாளர் ஏட்டில் கையெழுத்து இல்லையேல் இரண்டும் ஒன்றுதான்.

ஈராயிரம் ஆண்டு வழக்கத்தை ஒரு நாட்காட்டித் தாள் மாற்றிவிடுமா? மாற்றவில்லை. 1982-க்குப் பின்னரும் பல தோட்டங்களில் கோயிலில் தாலி கட்டி, பதிவைப் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டார்கள். பதிவாளர் அலுவலகம் நகரில். அறிவிப்புக் கொடுத்து இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். போனால் ஒரு நாள் கூலி போயிற்று. பெண்ணுக்குப் பதினெட்டு நிரம்பவில்லையெனின் மந்திரி புசாரின் உரிமம் வேண்டும். மணமுறிவும் அவ்வாறே. முன்பு கோயில் தலைவரும் கங்காணியும் கூடிப் பேசித் தீர்த்துவிட்டார்கள். புதுச் சட்டமோ மணமான இரண்டாண்டுக்குள் பொதுவாக மனுச் செய்யலாகாது என்றும், இருவரும் இசையாத வழக்கை முதலில் சமரச மன்றத்துக்குக் கொண்டு போக வேண்டும் என்றும் விதித்தது. இரண்டாம் விதி நம் பஞ்சாயத்தின் மறுபிறவி என்றே எனக்குப் படும்.

ஈப்போ மேசை

இக்காகிதங்களுக்கும் நம் மக்களுக்கும் இடையே நின்றவர் யார்? முதலில் கிராணியார், அவருக்கு அடுத்து நீதிமன்ற வாயிலில் தட்டச்சுப் பொறியோடு அமர்ந்திருந்த மனு எழுதுவோர், பிறகு பள்ளி வாத்தியார். வழக்கறிஞர் நெடுங்காலம் எட்டாத உயரத்தில் இருந்தார்.

ஈப்போ என்றதும் சீனிவாசகம் சகோதரர்கள் நினைவுக்கு வராமலிரார். எஸ். பி. சீனிவாசகமும் டி. ஆர். சீனிவாசகமும் இங்கே வழக்கறிஞர்களாயிருந்து, 1953-ல் முற்போக்குக் கட்சியைத் தொடங்கியவர்கள். இளையவர் 1957 முதல் 1969-ல் மறையும் வரையில் ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் பெயரால் நகரில் ஒரு பூங்கா உண்டு. ஏழைகளுக்குக் கூலி பாராமல் வாதாடினார்கள் என்று ஈப்போ முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் மக்கள் கூட்டம் கூடிக் கேட்டது அவர்களுடைய குற்ற வழக்கு வாதங்களை. குடும்ப வழக்குக்குக் கூட்டம் கூடுவதில்லை. நகர மண்டபத்தை அடுத்து நிற்கும் வெள்ளை நீதிமன்றக் கட்டடத்துக்குப் போகும் முன்னரே, கடைவீட்டு மாடிகளில், இரண்டொரு வழக்கறிஞரும் ஒரு தமிழ் எழுத்தருமாக இருக்கும் சிறு அலுவலகங்களில் அவ்வேலை ஓசையின்றி நடந்துவிடுகிறது. 1970-ல் அரசாங்கம் சட்ட உதவிப் பணியகத்தைத் தொடங்கிய பின்னர், வருமானம் குறைந்தவர்கள் குடும்ப வழக்குகளுக்கு அங்கேயும் போகலாயினர்.

இனி அம்மூதாட்டியின் கதை. எங்கள் தோட்டத்தில் நாற்பதாண்டு பால்மரம் வெட்டியவர். கணவர் இறந்து ஓராண்டாகியிருந்தது. தோட்டம் கைமாறியபோது கிடைத்த பணத்தில் அவர் பெயரில் வாங்கிய சிறு வீடு ஒன்றுண்டு, உயில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து கணவரின் உறவினர் ஒருவர் எழுதிய கடிதத்தில், அங்கே முதல் மனைவி இருந்தாள் என்றும், இவர் வெறும் சேர்க்கை என்றும் கண்டிருந்தது. கடிதத்தைப் படித்துக் காட்டியவன் நான். மூதாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "வாத்தியாரையா, மாரியாத்தா முன்னாலதான கட்டினாரு?" என்று மட்டும் கேட்டார்.

சிறு சொத்துக்களை 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி நில அலுவலகத்திலேயே பங்கிடலாம், வாரிசுகளை எல்லாம் நேரில் அழைத்து விசாரிப்பார்கள், வழக்கறிஞர் கட்டாயமில்லை. சொத்தின் மதிப்பு எல்லை 2009-ல் 20 இலட்சம் வெள்ளியாகவும், 2024-ல் 50 இலட்சமாகவும் உயர்ந்தது. ஆனால் வாரிசு யார் என்பதே கேள்வியாகும்போது துணை வேண்டும். ஆகவே மாடிப்படி ஏறினோம்.

வழக்கறிஞர் இளைஞர். முகத்தில் அவசரமில்லை. அவர் கேட்டவை மூன்று: திருமணப் பத்திரம் உண்டா? கோயிலில் எழுத்து உண்டா? தாலி கட்டியதைக் கண்டவர் யாரேனும் இருக்கிறார்களா? சேக்கிழாரின் அவையம் என் கண்முன் வந்து நின்றது. பத்திரம் இல்லை. கோயில் இடம் மாறிவிட்டது. பூசாரியார் மறைந்து நெடுநாள் ஆயிற்று. கண்டவர்களோ! லயத்திலிருந்த ஐம்பது குடும்பங்களில் சிலர் 1969-க்குப் பின்னர் வேலை உரிமம் கிடைக்காமல் இந்தியா திரும்பினர். சிலர் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் பிள்ளைகளோடு போனார்கள். பலர் மண்ணுக்குள் போனார்கள். தோட்டம் உடைந்தபோது ஏடும் உடைந்தது.

திருமணம் 1960-களில் நடந்தது என்பது முதல் ஆறுதல். அப்போது பதிவு கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் ஒரு மனைவி இருந்தது உண்மையானாலும் இத்திருமணம் அதனால் மட்டும் செல்லாது போய்விடாது என்று அவர் விளக்கினார். அப்படியானால் வழக்கு சட்டத்தைப் பற்றியதன்று, நிகழ்ச்சியைப் பற்றியது. தாலி கட்டினாரா இல்லையா?

இரண்டு மாதம் தேடினோம். கம்பாரில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற முதியவர் ஒருவர் கிடைத்தார். காது கேட்கவில்லை, நினைவு பழுதில்லை. அவர் சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்தார். அவருடைய மகள் பரணைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான் அருமை: மொய் நோட்டு. முதற் பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி இட்டு, மணமக்கள் பெயரும் நாளும் தோட்டத்தின் பெயரும். கீழே பெரிய கங்காணி 5 வெள்ளி, கிராணியார் 3 வெள்ளி என்று தொடங்கி லயம் முழுவதும் வரிசையாக. லயத்தின் ஏடு என்று நான் மேலே உவமையாகச் சொன்னேன். உண்மையிலேயே ஓர் ஏடு இருந்தது! அதனோடு என் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அவர்களுடைய மூன்று பிள்ளைகளுக்கும் தந்தை பெயர் எழுதி, எதிரே அவர் கைநாட்டு வைத்திருந்ததைப் படியெடுத்துக் கொடுத்தேன்.

நில அலுவலகத்தில் விசாரணை ஒரு முற்பகலில் முடிந்தது. அதிகாரி மலாய்க்காரர், மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்து, இஃது என்னவென்று கேட்டார். திருமணத்தில் அன்பளிப்பு எழுதி வைக்கும் வழக்கம் என்றேன். தம் கிராமத்துத் திருமணங்களிலும் பணம் கொடுப்பார்கள், எழுதி வைப்பதுதான் இல்லை என்று சொல்லிச் சிரித்தார். மூதாட்டியை மனைவியென ஏற்று, அவர் பங்கும் பிள்ளைகள் பங்கும் பதிந்து கொடுத்தார். இந்தியாவிலிருந்து உரிமை கோரி எவரும் வரவில்லை. வந்திருந்தால் அந்த அம்மையாருக்கும் நியாயம் உண்டே என்ற எண்ணம் எனக்கு இன்னும் இருக்கிறது. வன்னி மரக் கதையிலும் மூத்தவளை ஒதுக்க முற்பட்ட கணவனைத் தடுத்தவள் இளையவளே.

காகிதம் இருந்தால் எல்லாம் நேராகும் என்றும் நான் சொல்லவில்லை. ஈப்போவின் மழலையர் பள்ளி ஆசிரியை திருமதி எம். இந்திரா காந்தியின் வழக்கை நாடறியும். அவருடைய திருமணம் முறைப்படி பதிவானது. 2009-ல் கணவர் மதம் மாறி, மூன்று குழந்தைகளையும் தாயின் இசைவின்றி மாற்றினார். ஈப்போ வழக்கறிஞர்கள் அவருக்காக ஈப்போ உயர் நீதிமன்றம் தொடங்கிப் படிப்படியாக வாதாடினார்கள். பெற்றோர் இருவரின் இசைவும் வேண்டும் என்றும், அம்மாற்றம் செல்லாதென்றும் கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29-ல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பின்னும் இளைய மகள் தாயிடம் வந்து சேராமலே ஆண்டுகள் கடந்தன. ஆயினும் அவ்வழக்கில் எவரும் அவரைப் பார்த்து, "நீ மனைவிதானா?" என்று கேட்கவில்லை. நம் மூதாட்டி கேட்கப்பட்ட முதற் கேள்வியே அது.

எங்கள் பள்ளி இப்போது தோட்டத்துக்குள் இல்லை. பாதை ஓரத்துக்கு மாறிவிட்டது. பழைய சேர்க்கைப் பதிவேடுகள் பதினொன்று என் அறை அலமாரியில் இருக்கின்றன. கரையான் தின்ற இரண்டைத் தவிர மற்றவை படிக்கத்தக்கனவே. மாதம் ஒருவரேனும் வந்து கேட்கிறார்கள். சென்ற மாதம் வந்தவர் அறுபது வயதுக்காரர். சேமநிதிப் பணத்துக்காகத் தம் தாயாரின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றார். 1971-ஆம் ஆண்டு ஏட்டை எடுத்துப் புரட்டினோம். தந்தை பெயர் இருந்தது. தாயின் பெயருக்கு அப்போது ஏட்டில் கட்டமே இல்லை.